டூல் கால் வைக்கும் இடம்

எங்கள் கம்பெனியில் டூல்கள் தங்கள் உயரத்தைக் கூட்டிச் சொன்னால், கூட்டிச் சொன்ன அளவு மெஷின் ஓட்டும் நாச்சிமுத்துவின் உயரத்தில் குறைந்துவிடும்.

பெரிய அளவு ஒன்றும் இல்லை. சராசரியாக ஒரு தடவைக்கு மூன்று மைக்ரான். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் கிடைக்கும் ஒரு கீற்று. ஒரு நாளைக்கு நாற்பது பம்பு மூடி, அதனால் நாற்பது தடவை. அப்படியும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கைத் தொடாது. ஆனால் நாச்சிமுத்து லீவு போடுகிற ஆள் இல்லை. இரண்டு வருடத்துக்குச் சற்று மேலாக ஏழரை சென்டிமீட்டருக்கும் அதிகமாகப் போய்விட்டது.

கம்பெனி கோயம்புத்தூர் கணபதியில், ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கிறது. பம்புகளுக்கு மூடி செய்கிறோம். நான் திலகமணி. தரம் பார்ப்பது என் வேலை. முதலாளி பொங்கியண்ணன் காலையில் ஒரு தடவையும் சாயந்திரம் ஒரு தடவையும் வந்து, "எல்லாம் செரியாப் போவுதா அம்மிணி?" என்று கேட்பார். போகிறது என்று சொல்வேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மூடிகளைச் செதுக்கும் சி.என்.சி. மெஷினுக்குக் கண் கிடையாது. அதில் மாட்டும் வெட்டு டூல்களில் எது எவ்வளவு உயரம் என்று யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். அதற்காக மேசைமேல் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. ஹைட் செட்டர் என்று பெயர். டூல் மெதுவாக இறங்கி அதன் தலையில் கால் வைக்கும். வைத்ததும் தன் உயரத்தைச் சொல்லும். மெஷின் அதை அப்படியே நம்பும். டூல் மூன்று மைக்ரான் கூட்டிச் சொன்னால், மெஷின் அதை மூன்று மைக்ரான் மேலேயே நிறுத்திக்கொண்டு செதுக்கும். மூடி மூன்று மைக்ரான் தடித்து வரும். அந்தத் தடிமன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். பக்கத்தில் நிற்பவர் நாச்சிமுத்து.

மூடி பத்து மைக்ரான் வரை தடிக்கலாம், ஒரு மைக்ரான்கூட மெலியக் கூடாது என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது. அதனால் இரண்டு வருடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நான் உட்பட. மூடியை மட்டும் அளந்துகொண்டிருந்தேனே தவிர ஆளை அளக்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஆளை அளந்தது மரகதம்தான், நாச்சிமுத்துவின் மனைவி. ஆனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, வாரா வாரம் சொவுத்துல கோடு போட்டு வெக்கறனுங். பொண்ணு கோடு மேல போவுது, இவரு கோடு கீழ வருது. ஐப்பசியில ரெண்டும் முட்டிக்குமாட்ட இருக்குதுங்" என்றாள். "புள்ள வளர்றது செரி. அப்பன் எதுக்குங் எறங்கோணும்?"

நாச்சிமுத்து அவளுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தார். "அதொண்ணுமில்லீங்க்கா" என்றார்.

"ஒண்ணுமில்லீங்களா? வண்டியில உக்காந்தா காலு எட்டறதில்லீங். திண்டு இருக்கற எடமாப் பாத்துத்தான் நிறுத்தறாரு. சரவணம்பட்டி வரைக்கும் எங்கெங்க திண்டு இருக்குதுன்னு மனப்பாடமாச் சொல்லுவாரு. கேட்டுப் பாருங்க."

நான் கேட்கவில்லை. அவரை மெஷின் கதவோடு நிற்க வைத்து அளந்தேன். நூற்றைம்பத்தேழு புள்ளி நான்கு. வேலைக்குச் சேர்ந்தபோது நூற்றறுபத்தைந்து. மெஷின் கதவில் நூற்றைம்பத்தேழாவது சென்டிமீட்டரில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். அதற்குக் கீழே தலை இறங்கினால் கண்ணாடி வழியாக வேலை தெரியாது. தெரியாதவர் பேக்கிங்குக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. நாச்சிமுத்து பதினோரு வருடமாக மெஷினில் நிற்பவர். சத்தத்தை வைத்தே எந்த டூல் மழுங்கியிருக்கிறது என்று சொல்வார். அவரை அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட அனுப்புவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மீதி இருந்தது நான்கு மில்லி. முப்பத்துமூன்று வேலை நாள்.

சாயந்திரம் பொங்கியண்ணன் வந்து, எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"பழையபடி பேப்பருக்கே போயரலாமா?" என்றார்.

செட்டர் வாங்கும் முன்பு நாங்கள் தினக் காலண்டர் தாளைத்தான் டூலுக்கு அடியில் வைப்போம். டூல் இறங்கித் தாளைப் பிடித்ததும் அதுதான் உயரம். கிழித்த தாள் கசங்கியிருக்கும் என்பதால் அடியிலிருந்து வரப்போகிற நாளின் தாளை உருவுவோம். தொட்டு முடித்ததும் இரும்புத்தூள் டப்பாவில் போட்டுவிடுவோம். தாளின்மேல் டூல்கள் உண்மைதான் சொல்லும், தேதி போட்டிருக்கிறதல்லவா. ஆனால் உருவிய நாள் எங்களுக்கு வராது. ஒரு வருடம் மே மாதம் முழுவதும் ஊருக்கெல்லாம் வந்தது, எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. கரண்ட் பில் மட்டும் வந்தது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு செட்டரே வாங்கினோம்.

"பேப்பர் வேண்டாமுங்ணா. குமிழோட தலைய மாத்தலாம். எஃகு வெச்சிருக்கறதுதான் வம்பு" என்றேன்.

எஃகு டூலுக்கு நெருங்கிய உறவு. ஒறம்பரை முன்னால் யார்தான் இருக்கிறதை இருக்கிறபடி சொல்வார்கள்? வீட்டைப் பற்றிக் கேட்டால் மாடி இருக்கிறது என்பார்கள். உயரம் கேட்டால் மூன்று மைக்ரான் கூட்டுவார்கள்.

முதலில் பித்தளை வைத்தோம். பித்தளை மெத்தென்று இருக்கும். இதன்மேல் போய்ப் பெருமை பேசுவானேன் என்று டூல்களுக்கே தோன்றிவிட்டது. ஐந்து மைக்ரான் குறைத்துச் சொன்னன. மூடி மெலிந்தது, நாச்சிமுத்து வளர்ந்தார். இரண்டு நாளில் அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. அவர் நடையே மாறிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவரே குமிழைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"மூடி மெலிஞ்சா பம்பு ஒழுகுமுங்க்கா. யாரோ காட்டுல தண்ணிக்கு நின்னுட்டு இருப்பாங்க. நான் வளந்து என்ன பண்றது?"

அந்த எண்பது மூடிகளையும் அவரே உருக்கப் போட்டார். சத்தமாக, பித்தளை சீக்கிரம் குழி விழும், அதுவும் ஒரு காரணம் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்து செராமிக். வெள்ளை வெளேரென்று, தேயாமல், துருப்பிடிக்காமல், பார்க்க அடக்கமாக இருந்தது. அதன்மேல் கால் வைத்ததும் டூல்கள் மனம்விட்டுப் பேசின. உண்மையைத்தான் சொன்னன என்று நினைக்கிறேன். ஆனால் செராமிக்கில் கரண்ட் பாயாது. எங்கள் செட்டர் கரண்டில் வேலை செய்வது. டூல் சொன்ன எதையும் செராமிக் வெளியே விடவில்லை. ரகசியம் காப்பதில் அவ்வளவு கெட்டி. டூல் இறங்கிக்கொண்டே போய் இரண்டு குமிழ்களை உடைத்தது. அப்போதும் செராமிக் வாயைத் திறக்கவில்லை.

"கருங்கல்லு வெச்சா என்ன?" என்று கேட்டவர் பொங்கியண்ணன். "நம்ம அளவெடுக்கற மேசையே கல்லுலதான இருக்குது. வெயிலுக்கு வீங்காது, மழைக்குச் சுருங்காது. கரண்ட் வேண்டாம், கடியாரமாட்ட முள்ளு வெச்ச குமிழ்ல மாட்டிக்கலாம்."

யோசனை நல்ல யோசனை. மறுநாள் அவரே வீட்டிலிருந்து ஒரு கல் கொண்டுவந்தார். வட்டமாக அறுத்து, மழமழவென்று தேய்த்து மாட்டினோம். எந்தக் கல் என்று கேட்காமல் விட்டது என் தப்பு. வீட்டில் மிக்ஸி வந்துவிட்டதால் சும்மா கிடந்த அம்மிக் கல் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் இறங்கியது பன்னிரண்டு மில்லி எண்ட்மில். எங்கள் டூல்களிலேயே அதிகம் பெருமை பேசுவது அதுதான். கல்லின்மேல் கால் வைத்து, தன் உயரத்தை ஒரு மைக்ரான் பிசகாமல் சொன்னது. பொங்கியண்ணன் கைதட்டினார். மூடி அச்சடித்தது போல வந்தது. அடுத்த டூல் மாற்றலாம் என்று நாச்சிமுத்து பட்டனை அழுத்தினார். எண்ட்மில் தன்னைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலை விட்டு வரவில்லை.

காற்றழுத்தம் கூட்டினோம். எண்ணெய் விட்டோம். நான் மரச்சுத்தியை எடுத்தேன். நாச்சிமுத்து குறுக்கே வந்து நின்றார்.

"அடிக்காதீங்க்கா. அம்மி மிதிச்சாச்சுங். அது இப்ப ஸ்பிண்டில் ஊட்டுப் பொண்ணு."

சுத்தியைக் கீழே வைத்தேன். சாயந்திரம் வரை மெஷின் சும்மா நின்றது. பொங்கியண்ணன் வீட்டுக்குப் போன் செய்து அம்மியைப் பற்றி மெதுவாகத் தகவல் சொன்னார். அந்தப் பக்கம் இருந்து வந்த பதில் எங்களுக்கெல்லாம் கேட்டது. நாச்சிமுத்து மட்டும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி ஏழு.

"புதுசாக் கலியாணம் ஆனதுங்களே. ஆடிக்கு அம்மா ஊட்டுக்கு அழைச்சுட்டுப் போறம்னு கேட்டா உடாமயா இருப்பாங்க?" என்றார்.

தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு கைக்குட்டை வைத்துக்கொண்டு அவரே பெண்வீட்டார் பக்கம் நின்று கேட்டார். எண்ட்மில் அவர் கையில் தானாக இறங்கியது. அதன் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் படுக்க வைத்து, டூல் அலமாரியில் கொண்டுபோய் விட்டோம். வேறு வழியில்லாமல் எஃகுக் குமிழைத் திரும்ப மாட்டி வேலையை ஓட்டினோம். ஆடி முடியும் வரை ஸ்பிண்டில் எந்த டூலைப் போட்டாலும் உர்ரென்றுதான் சுற்றியது. நாச்சிமுத்துவும் தினமும் எட்டில் ஒரு பங்கு மில்லி இறங்கிக்கொண்டிருந்தார். மரகதம் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஒரு நாள் எண்ட்மில் எப்படி இருக்கிறது என்று பார்க்க அலமாரியைத் திறந்தேன். டப்பாவோடு அதன் அட்டை இருந்தது. வாங்கியபோது எண்பத்துமூன்று மில்லி. மழுங்க மழுங்கச் சாணை பிடித்து, பதினோரு சாணையில் எழுபத்தாறுக்கு வந்துவிட்டது. மற்ற அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். சாணை பிடிக்காத புது டூல் ஒன்றுகூடப் பொய் சொன்னதில்லை. அதிகம் இழந்தது அதிகம் கூட்டியிருக்கிறது. எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வரன் பார்த்தபோது விவரக் குறிப்பில் ஐந்தடி மூன்று என்று எழுதிய ஆள் நான். ஐந்தடி ஒன்றரைதான்.

நேராகச் சாணை அறைக்குப் போனேன். சாணைக் கல்லுக்கு அடியில் இருந்த தட்டில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தது. எல்லா டூல்களும் அத்தனை வருடமாக இழந்த உயரம் அதுதான். யாரும் தொடாமல், டால்டா டப்பா அளவுக்குச் சேர்ந்திருந்தது. அதை வழித்து, கழுவி, எண்ணெயும் கல்தூளும் போகத் தேறிய ஒரு பிடியைப் பீளமேட்டில் கார்பைடு அச்சு செய்கிறவரிடம் கொடுத்தேன். அவர் அமுக்கிச் சூளையில் சுட்டு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டத் தட்டாக ஆக்கித் தந்தார். டூல்களைப் போலவே கார்பைடு என்னும் கெட்டி உலோகம் என்பதால் தேயாது, கரண்டும் கடத்தும். அவை எனக்கு இரண்டாம்பட்சமாகத்தான் இருந்தன.

ஆவணி ஒன்றாம் தேதி எண்ட்மில்லைத் தாய்வீட்டிலிருந்து அழைத்துவந்து ஸ்பிண்டிலில் விட்டோம். ஸ்பிண்டிலின் உறுமல் நின்றது. நாச்சிமுத்து புதுக் குமிழை மேசையில் வைத்தார். அன்று காலை அவரை அளந்திருந்தேன். நூற்றைம்பத்தேழு புள்ளி ஒன்று. இன்னும் எட்டு நாள்.

எண்ட்மில் இறங்கியது. தட்டின்மேல் கால் வைத்தது. எப்போதும் தொட்டதும் சொல்லிவிடும். அன்று சொல்லாமல் நின்றது. தான் இழந்ததன்மேல் தானே நிற்கும்போது யாருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்தானே. நாங்கள் காத்திருந்தோம். பிறகு திரையில் எண் வந்தது. எழுபத்தாறு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.

அன்று நாற்பது மூடிகளும் சரியாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை மரகதம் போட்ட பென்சில் கோட்டின்மேலேயே அடுத்த ஞாயிறும் பென்சில் போனது. இறங்கவில்லை. மஞ்சள் கோட்டுக்கு மேலே ஒரு மில்லி. அது போதும், மெஷினில் நிற்கலாம். நாச்சிமுத்து பழையபடி திண்டு பார்த்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஓசூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் மூடிகளை வாங்கிப் பம்பில் பூட்டும் கம்பெனியில் வேலை செய்பவள். பெயர் முனிலட்சுமி. கதவு போதிய உயரம்தான், ஆனாலும் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தாள். உயரத்துக்கு இன்னும் பழகவில்லை என்று தெரிந்தது.

"நாச்சிமுத்துங்கிறவர் யாருங்க? அவரோடது கொஞ்சம் என்கிட்ட வந்துடுச்சு" என்றாள்.

மூடியை உள்ளங்கையால் அழுத்தித்தான் பம்பில் உட்கார வைக்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கொஞ்சம் கையோடு வந்துவிடுமாம். "மொதல்ல தெரியலக்கா. பஸ்ல மேல் கம்பி எட்டுச்சு, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் சுடிதார் எல்லாம் கணுக்காலுக்கு மேல போயிடுச்சு. பெட்டிக்குள்ள சீட்டுல இவர் பேரு இருந்துச்சு. அடுத்தவங்க பொருளு நமக்கு எதுக்குன்னு லீவு போட்டு வந்துட்டேன்."

வேலையில் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல் சீட்டையும் கொண்டுவந்திருந்தாள். நூற்றைம்பத்திரண்டு. இப்போது அளந்தேன். நூற்றைம்பத்தொன்பது புள்ளி ஒன்பது. நாச்சிமுத்துவுக்குப் போனதும் ஏழு புள்ளி ஒன்பதுதான்.

நாச்சிமுத்து அவளை அண்ணாந்து பார்த்தார். தொலைந்த குடையை வேறொருவர் கையில் பார்ப்பவர் போல.

"பஸ்ஸுக் கம்பி எட்டறதுக்கு எத்தனை வேணுமுங்?" என்று கேட்டார்.

"ரெண்டு சென்டி இருந்தா விரல் மாட்டிக்கும்ணா."

"அப்ப ரெண்டு வெச்சுக்குங். எனக்கு மிச்சம் போதும். காலு எட்டீரும்."

எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளங்கை வழியாக வந்தது உள்ளங்கை வழியாகத்தான் போகும். நடுவில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. எஃகு வைத்தால் இரண்டு பேரும் கூட்டிச் சொல்வார்கள். பித்தளை வைத்தால் எனக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டாம் என்று சாயந்திரம் வரை இழுத்துக்கொண்டிருப்பார்கள். கார்பைடுத் தட்டு டூல்களுடையது. அம்மிக் கல்லைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, நான் போன் செய்திருந்த மரகதம் வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தாள்.

"பேப்பர்தான்" என்றேன். "ஆனா ஒரு நாள் போயிரும்."

"ஞாயித்துக்கெழமையக் கிழிங்க. எப்படியும் லீவுதான?" என்றார் பொங்கியண்ணன்.

"ஞாயித்துக்கெழமைல செவப்பு மைங்ணா. தாளு ஒரு மைக்ரான் தடிமன் எச்சு."

வேறு எந்த நாளையும் விட அவருக்கு மனமில்லை. ஒரு நாள் டெலிவரி, ஒரு நாள் ஆடிட், ஒரு நாள் மெஷின்காரர்கள் வருகிறார்கள். காலண்டரை அப்படியும் இப்படியும் புரட்டிக்கொண்டிருந்தார். மரகதம் அதை அவர் கையிலிருந்து வாங்கி, எண்ணிப் பார்த்து, ஒரு தாளை அடியிலிருந்து உருவினாள். செப்டம்பர் மூன்று.

"எங்க கலியாண நாளுங். வருசா வருசம் அன்னிக்கு இவரு இங்கதான் ஓவர்டைம் பாக்கறாரு. போனாப் போகுது, நாளு அடுத்த வருசமும் வரும்" என்றாள். "ஆளு வேணுமில்லீங்களா?"

தாளை நடுவில் வைத்து முனிலட்சுமியும் நாச்சிமுத்துவும் உள்ளங்கை சேர்த்தார்கள். நான் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்து, ஐந்து புள்ளி ஒன்பதில் "போதும்" என்றேன். நாச்சிமுத்துவின் தலை மெஷின் ஜன்னலின் நடுவுக்கு வந்திருந்தது. நூற்றறுபத்துமூன்று. மரகதம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனிலட்சுமி டீ குடித்துவிட்டு ஓசூர் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது குனியவில்லை.

நான் பழக்கத்தில் இரும்புத்தூள் டப்பாவை நீட்டினேன். மரகதம் தாளை அதில் போடவில்லை. நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி சாயந்திரம் கம்பெனியைப் பூட்டினோம். அடுத்து வந்தது நான்காம் தேதி. காலையில் நான்தான் முதலில் வந்து திறந்தேன். உள்ளே மல்லிகைப்பூ வாசம். மெஷின் மேசைமேல் இரண்டு வாழை இலைகள், சாப்பிட்டு மடித்து வைத்தபடி. மெஷின் கதவில், மஞ்சள் கோட்டுக்கு நன்றாக மேலே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பென்சில் கோடுகள். ஒன்று நூற்றறுபத்துமூன்று. இன்னொன்று மரகதத்துடையது, அதைவிட ஒரு விரல் உயரம். அடியில் மூன்றாம் தேதி போட்டிருந்தது.

நாச்சிமுத்து எட்டரைக்கு வந்தார். வண்டியைத் திண்டு இல்லாத இடத்தில் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி இறங்கினார். மைசூர்பாகு டப்பாவை நீட்டினார்.

"தாளு அவகிட்ட இருந்துச்சுங்களே, எங்களுக்கு மட்டும் நாளு வந்துருச்சுங். கம்பெனி நாளு, அதான் இங்கயே இருந்துட்டோம்" என்றார். "மெஷின ஓட்டலீங்."

ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். நெய் நன்றாக விட்டிருந்தார்கள். அதற்குள் அவர் மெஷினைப் போட்டு முதல் டூலை இறக்கினார். எண்ட்மில் குமிழுக்கு மேலே வந்து, கால் வைக்காமல் மறுபடி மேலே போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. இருபது டூல்களும் மூன்றாம் தேதி முழுவதும் இவர்கள் இருவரோடு அங்கேதான் இருந்திருக்கின்றன. உயரம் சொல்ல வெட்கப்பட்டன.

பத்து நிமிடம் கழித்துத் தொடச் சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.